நூற்றெட்டுப் பானைத் தரை

தெலுக் பங்லிமா காராங்கில் மாடு மேய இன்னும் இடம் இருக்கிறது என்று சொன்னால் கோலாலம்பூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். இருக்கிறது. தொழிற்பேட்டைக்கென்று ஒரு நிலக் கம்பெனி வாங்கிப்போட்டு, இதுவரை ஒரு செங்கல்கூட வைக்காத தொண்ணூறு ஏக்கர். மேலே உயர்மின் கம்பிகள், மூன்று பக்கமும் தொழிற்சாலைகள், நடுவில் முழங்கால் உயரப் புல். ஆறு குடும்பங்களின் இருநூற்று முப்பது மாடுகள் அங்கே மேய்கின்றன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பங்சாரிலும் காலையில் டீ குடிக்கிற பலர் இந்தப் புல்லைத்தான் குடிக்கிறார்கள் என்று லோகேஸ்வரி சொல்வாள். சொல்லும்போது தலை தானாக நிமிரும்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது, இருபத்தெட்டு மாடு. மாடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவியாகி இரண்டு வருடமாகிறது. அதற்கு முன் அந்த நாற்காலியில் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. அவள் வந்த பிறகுதான் மேய்ச்சல் நிலத்தைப் பத்துத் துண்டாகப் பிரித்து, மாடுகளை முறைவைத்து மாற்றி மாற்றி விட்டார்கள். எந்தத் துண்டிலும் புல் ஒரு சாணுக்குக் கீழே இறங்க விடுவதில்லை. பக்கத்து ஊர்களில் மாட்டுக்குத் தீவனம் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த வறண்ட பிப்ரவரியிலும் இவர்கள் நிலம் பச்சையாகவே இருந்தது.

மார்ச் கடைசியில் நிலக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கிழக்குப் பக்கத்து பிஸ்கட் தொழிற்சாலையின் சரக்கு வாசலில் வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து விழுகின்றனவாம். ஒன்று பெட்டிக்குள்ளேயே போய்விட்டதாம். மூன்று வாரத்துக்குள் இதை ஒழித்துக் காட்டாவிட்டால் மேய்ச்சல் அனுமதி இந்த வருடம் புதுப்பிக்கப்படாது என்று கடிதம் சொன்னது. அனுமதி போனால் மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேறு புல் கிடையாது. சுற்றிலும் சிமெண்ட்தான்.

சங்கக் கூட்டம் எப்போதும் போல மாரியம்மன் கோயில் பந்தலில் நடந்தது. எண்பது மாட்டுக்குச் சொந்தக்காரனான சுகுமாறன் ஏற்கனவே வழி கண்டுபிடித்திருந்தான். சிகிஞ்சான் வயல்களுக்கு மருந்து அடிக்கிற டிரோன்காரனிடம் பேசிவிட்டானாம். ஒரே காலையில் தொண்ணூறு ஏக்கரும் முடிந்துவிடும். மருந்து டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று லோகேஸ்வரி கேட்டாள். இருபத்தோரு நாள் மாடு மேயக் கூடாது என்று இருந்தது. சுகுமாறனுக்குப் பந்திங்கில் மச்சான் தோட்டம் இருக்கிறது, அங்கே ஓட்டிவிடுவான். மற்ற ஐந்து குடும்பங்களுக்கும் அப்படி இடமில்லை. பங்குனி உத்திரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழு கோயில்களுக்குப் பால்குடப் பால் கொடுக்கிறவர்கள் அவர்கள்.

லோகேஸ்வரி பத்து நாள் தவணை கேட்டாள். முதலில் எண்ணிப் பார்ப்போம், பிறகு அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வோம் என்றாள்.

"வெட்டுக்கிளிய எண்ணப் போறீங்களாக்கா?" சுகுமாறன் சிரிக்காமல் கேட்டான். "அப்படியே ஒவ்வொண்ணுக்கும் ஐ.சி. அட்டை எடுத்துக் குடுத்துருங்க. அதுங்களும் ஓட்டுப் போடட்டும்."

பந்தல் சிரித்து அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"எத்தன பேருன்னு தெரியாம நீ கல்யாணத்துக்குச் சமைப்பியா தம்பி?"

பத்து நாள் கிடைத்தது.

மறுநாள் பால் வேனில் கணவர் விமலன் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்பீல்ட்ஸ் போனாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் போத்தல், மூடியில் ஊசித் துளைகள், உள்ளே இருபது முப்பது வெட்டுக்கிளிகள். பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி ஜெயமாலாவைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமானவள். கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் கிராணியாக, கணக்கெழுதும் வேலைக்கு வந்த குடும்பம், இன்னமும் அதே பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறார்கள். மாட்டுக்காரர்கள் அவளை 'கிராணி வீட்டு மேடம்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வது அவளுக்குத் தெரியும். அதற்காகவே ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வயலுக்கு வருகிறவள்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சந்தித்தார்கள். லோகேஸ்வரி போத்தலை மேசை நடுவில் வைத்தாள். ரசம் கொண்டுவந்த பையன் குனிந்து பார்த்து, வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுவரக் கூடாது என்றான். விமலன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஜெயமாலா சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே மூன்று இனம் இருப்பதாகச் சொன்னாள். சின்னப் பச்சை, லாலாங் புல்லோடு சரி, யாருக்கும் கெடுதல் இல்லை. பழுப்பு நிறத்தது கொஞ்சம் தின்னும். மஞ்சளில் கறுப்புப் புள்ளி வைத்த பெரியதுதான் கவனிக்க வேண்டியது. அதன் குஞ்சுகள் பிறந்த இடத்திலேயே கூட்டமாகக் கிடக்கும். ஐந்தாறு வாரம் சிறகு முளைக்காது, தத்தித் தத்தித்தான் போகும். சிறகு வந்துவிட்டால் பிடிக்க முடியாது. முழு நிலத்துக்கும் மருந்தடித்தால் கேடு செய்யாதவையும் சாகும், வெட்டுக்கிளி முட்டையைத் தின்கிற வண்டுகளும் சாகும், மாட்டின் பின்னால் வருகிற கொக்குக்கும் இரை இருக்காது. அடுத்த வருடம் வருவதைத் தடுக்க ஆளே இருக்காது.

"சதுர மீட்டருக்குப் பத்துக்குக் குறைவெண்டால் விட்டுடுங்கோ அக்கா. அது தின்னுறதைவிட உங்கட மாடு மிதிச்சு வீணாக்கிறது கூட."

"எங்க மாடு மிதிச்சு வீணாக்காது மேடம். முறை வச்சு விடறோம்."

ஜெயமாலா சிரித்துவிட்டு எண்ணும் முறையை ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தாள்.

அன்று மாலையே லோகேஸ்வரி வேலிக் கம்பியை வளைத்து வளையம் செய்தாள். அந்த அளவில் பத்து வளையம் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். எண்ண வேண்டிய நேரம் காலை ஒன்பது. வெயில் ஏறியிருக்க வேண்டும், ஆனால் சுடக் கூடாது. பார்க்காமல் முன்னால் வளையத்தை வீச வேண்டும். நம் நிழல் அதன்மேல் விழாமல் மெதுவாகப் போய், உள்ளேயிருந்து எத்தனை எகிறுகின்றன என்று எண்ண வேண்டும். பிறகு பத்து அடி நடந்து மறுபடி வீச வேண்டும். முதல் நாள் மேற்கு எல்லையிலிருந்து நடுவரை நாற்பது வளையம் போட்டாள். மொத்தம் பதினேழு. மறுநாள் வேறு கோட்டில் நாற்பது. பத்தொன்பது. மூன்றாம் நாள் பதினாறு. சதுர மீட்டருக்கு நாலு, மிஞ்சிப்போனால் ஐந்து.

நோட்டுப் புத்தகத்தை மூடும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. சுகுமாறன் ஆட்கள் வெயில் நேரத்தில் தொழிற்சாலைச் சாலையோரம் போய் நின்று பார்த்துவிட்டு, லட்சக்கணக்கில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சூடான தார்ச்சாலைக்கு அவை குளிர்காய வருவது போல வருகின்றன என்று இவளுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நல்ல புல், நல்ல பராமரிப்பு, கட்டுக்குள் பூச்சி. இதை மூன்று வரியில் எழுதி கம்பெனிக்குக் கொடுத்தால் போதும் என்று நினைத்தாள்.

தொலைபேசியில் ஜெயமாலா அப்படி நினைக்கவில்லை. சராசரி சரி, ஆனால் பிஸ்கட் கம்பெனி பொய் சொல்லவில்லையே, அவ்வளவும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டாள். பெரிய இனம் உயரப் புல்லுக்குள் முட்டையிடாது. வெயில் படுகிற, இறுகிப்போன மொட்டைத் தரையைத் தேடிப் போய், வாலைத் துளைபோல இறக்கி மண்ணுக்குள் இடும். அப்படி மொட்டைத் தரை எங்கே இருக்கிறது?

"எங்க நிலத்துல மொட்டத் தர கெடையாது மேடம்," என்றாள் லோகேஸ்வரி. "நீங்க வந்து தேடினாலும் கெடைக்காது."

அதை அவள் மனமறிந்த உண்மையாகவே சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, கிழக்கு மூலையில் கட்டியிருந்த கன்றுகளைப் பார்க்கப் போனாள். மழைத் தண்ணீர் நிற்காத இடம் என்பதால் கன்றுகளை அங்கே கட்டுவது வழக்கமாகியிருந்தது. புல்லின் ஓரத்திலிருந்து அந்தத் தரையில் கால் வைத்ததும், சட்டியில் நெல் பொரிவது போல அவள் காலைச் சுற்றித் தரை வெடித்தது. அரிசி அளவு, கடலை அளவு குஞ்சுகள், சிறகில்லாதவை. கையிலிருந்த வளையத்தை வீசினாள். நாற்பத்து மூன்று. மறுபடி வீசினாள். எண்ண முடியவில்லை. தொழுவத்துக்குப் போய் மண்வெட்டி எடுத்துவந்து ஓரிடத்தில் வெட்டினாள். ஒரு வெட்டில் விரல் நீளத்துக்குப் பழுப்பு நுரை காய்ந்தது போன்ற முட்டைக் கூடுகள் பதினோரு எண்ணம் வந்தன. பெரும்பாலானவை வெறுங்கூடுகள். பொரித்து வெளியே போயாகிவிட்டது.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அது எந்த இடம் என்று அவளுக்கு உறைத்தது.

முந்தைய வருடங்களில் எல்லாம் ஆறு குடும்பமும் அவரவர் கொட்டகை வாசலில் பொங்கல் வைப்பார்கள். இந்த வருடம் அவள்தான் நூற்றெட்டுப் பானை என்றாள். கிள்ளானிலிருந்தும் கம்போங் மேடானிலிருந்தும் பேருந்து வைத்து ஆட்கள் வந்தார்கள். அடுப்புக் கற்கள் சாயக் கூடாது, வரிசை கோணக் கூடாது என்று இரண்டு ஏக்கர் புல்லை வேரோடு செதுக்கச் சொன்னாள். உருளை விட்டு அழுத்தி, சாணம் தெளித்து, கோலத்துக்குத் தரை கண்ணாடி போல இருந்தது. நூற்றெட்டும் ஒன்றாகப் பொங்கியபோது எடுத்த படம் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்தது. அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று, முளைத்த புல்லை மாதாமாதம் செதுக்கி அந்த இடத்தைச் சுத்தமாகவே வைத்திருந்தார்கள். அவள் கண்ணுக்கு அது மொட்டைத் தரையே இல்லை. அது சாமி கும்பிட்ட இடம், துப்புரவான இடம். நிலமெங்கும் புல் உயரமாக இருந்ததால், பிப்ரவரி வெயிலில் முட்டையிட இடம் தேடிய வெட்டுக்கிளிகள் அத்தனைக்கும் அந்த ஒரே இடம்தான் கிடைத்தது. அவ்வளவு அக்கறையாக அவற்றுக்குப் பிரசவ வார்டு கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

இரவுச் சாப்பாட்டின்போது விமலனிடம் சொன்னாள். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டார். நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது, மருந்தும் தெரியும், பிறகு என்ன என்றார்.

"கெழக்கு மூலைன்னு மட்டும் சொல்லு லா. பொங்கல ஏன் உள்ள இழுக்கற? சுகு இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கான்."

அவளும் அதை யோசிக்காமல் இல்லை. கிழக்கு மூலை என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கப்போவதில்லை. மூலைக்கு மருந்தடித்தால் இந்த வருடம் தப்பிக்கலாம், தலைவி கெட்டிக்காரி என்ற பெயரும் மிஞ்சும். ஆனால் ஜனவரியில் மறுபடி செதுக்குவார்கள், உருளை விடுவார்கள், சாணம் தெளிப்பார்கள். மார்ச்சில் மறுபடி கடிதம் வரும். படத்தைப் பார்த்தபடியே கை கழுவினாள். தூக்கம் வர வெகு நேரமானது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பந்தலில் ஆறு குடும்பமும் கூடியது. சுகுமாறன் டிரோன்காரனுக்குச் செவ்வாய்க்கிழமை நாள் குறித்துவிட்டே வந்திருந்தான். லோகேஸ்வரி முதலில் நோட்டுப் புத்தகத்தைப் படித்தாள். நூற்றிருபது வளையம், ஐம்பத்திரண்டு வெட்டுக்கிளி. பிறகு சாப்பாட்டு டப்பா மூடியைத் திறந்து, பதினோரு கூடுகளையும் மேசைமேல் கொட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகுந்தன் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். எங்கே எடுத்தது என்று சொன்னாள். எப்படி அங்கே வந்தது என்றும் சொன்னாள்.

சுகுமாறன் ஒரு கூட்டை எடுத்து நகத்தால் உடைத்துப் பார்த்தான்.

"பொங்க வச்சதுனால பூச்சி வந்துச்சுங்கறீங்க. சாமி குத்தமாக்கா?"

"சாமி குத்தம் இல்ல. என் குத்தம்." குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "செதுக்கச் சொன்னது நான். நூத்தியெட்டுன்னு பேப்பர்ல வரணும்னு ஒத்தக் கால்ல நின்னதும் நான். மேடம் கேட்டப்ப மொட்டத் தரையே இல்லன்னு சொன்னதும் நான்தான். எல்லாத்தையும் எழுதி வச்சுக்க. ஆனா ரெண்டு ஏக்கர்ல பொறந்ததுக்கு தொண்ணூறு ஏக்கர விஷம் வைக்க விட மாட்டேன்."

யாரோ தலைவி நாற்காலியைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்கள். அதை அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம், நாற்காலி எங்கேயும் தத்திப் போய்விடாது என்றாள். ஒருவர் சிரித்தார், பிறகு இன்னொருவர்.

சுகுமாறன் சிரிக்கவில்லை. தன் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றான். எல்லோரும் எழுந்து நடந்தார்கள். கிழக்கு மூலையில் அவளிடமிருந்து வளையத்தை வாங்கி அவனே வீசினான். நிழல் விழாமல் போ என்று அவள் சொன்னபோது மறுபேச்சில்லாமல் சுற்றிக்கொண்டு போனான். குனிந்து எண்ணத் தொடங்கி ஐம்பதுக்கு மேல் விட்டுவிட்டான். பிறகு யாரும் சொல்லாமலேயே புல்லுக்குள் முப்பது அடி நடந்துபோய் அங்கே வீசினான். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி வீசினான். ஒன்று எகிறியது. வெகுநேரம் அங்கேயே நின்றான். நாற்பது வருடம் மாட்டோடு கிடந்தவன், இரண்டு தரைக்கும் உள்ள வித்தியாசத்தை இன்னொருவர் சொல்லித்தான் பார்த்தோம் என்பது அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். லோகேஸ்வரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சங்கடம் என்னவென்று இரண்டு நாளாக அவளுக்குத் தெரியும்.

அவன் கைப்பேசியை எடுத்தான்.

"பாஸ், தொண்ணூறு வேணாம். ரெண்டு ஏக்கர், ஓரத்துல ஒரு கீத்து, அவ்வளவுதான். சின்ன வேலைன்னு வராம இருந்துராதீங்க."

வருகிறானா என்று முகுந்தன் கேட்டான். வராவிட்டால் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு நானே அடிப்பேன் என்றான் சுகுமாறன்.

கடைசியில் அப்படித்தான் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை காலை, காற்று எழும்பும் முன், சுகுமாறனும் முகுந்தனும் முகமூடி கட்டிக்கொண்டு பொங்கல் தரைக்கும், பிஸ்கட் தொழிற்சாலைப் பக்கம் பதினைந்து அடி அகலப் பட்டைக்கும் மருந்தடித்தார்கள். ஜெயமாலா ரப்பர் சப்பாத்தோடு வந்து அளவு பார்த்துக் கொடுத்தாள். கன்றுகளை முந்தின நாளே மாற்றி, மூலையைச் சுற்றி வேலி போட்டாகியிருந்தது. மீதி எண்பத்தேழு ஏக்கரில் மாடுகள் எப்போதும் போல மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் பின்னால் கொக்குகள் நடந்தன. பங்குனி உத்திரத்தன்று ஏழு கோயில்களுக்கும் பால் போனது. ஒரு குடம்கூடக் குறையவில்லை. அதில் கிள்ளான் கோயில் ஒன்றில் பால்குடம் ஏந்தியவர்களின் வரிசை நீளத்தைப் பார்த்துவிட்டு விமலன் வேனிலிருந்தே படம் எடுத்து அனுப்பினார்.

பொங்கல் தரையில் புல் கன்று நடுவது என்று அடுத்த கூட்டத்தில் முடிவானது. பொங்கலுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. லோரி நிறுத்துகிற சிமெண்ட் தளம் ஒன்றை ஒருநாள் கேட்டு வாங்கலாம் என்றாள் லோகேஸ்வரி. அப்படியானால் இனி பழையபடி ஆறு பானைதானா என்று முகுந்தன் கேட்டான்.

"நூத்தியெட்டுதான்," என்றாள். "ஒண்ணு கொறைச்சாலும் நான் வரல."

நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்றாவது வாரம் முடிகிற நாளில் கம்பெனி அதிகாரி வந்தார். மலாய்க்காரர், நடுத்தர வயது, கூடவே பிஸ்கட் தொழிற்சாலை மேலாளர். சரக்கு வாசலில் ஒரு வாரமாக ஒன்றுகூட விழவில்லை என்று மேலாளர் ஒத்துக்கொண்டார். லோகேஸ்வரி நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். மருந்துக்கு முன்பு, மருந்துக்குப் பின்பு, மூலையில், நடுவில், நாள், மணி எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தாள். அதிகாரி பக்கம் பக்கமாகத் திருப்பினார். மற்ற இடங்களில் இதே வேலைக்குக் கம்பெனி ஆள் வைத்துச் செய்கிறோம், இவ்வளவு சுத்தமாக வருவதில்லை என்றார். இதைச் செய்து கொடுத்த ஆலோசனை நிறுவனம் எது, அவர்கள் எண் கிடைக்குமா என்று கேட்டார்.

லோகேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் சுகுமாறன் முன்னால் வந்துவிட்டான். நிறுவனமெல்லாம் கிடையாது என்று மலாயில் சொன்னான். இதெல்லாம் நாங்களே செய்தது, வளையம் எப்படிப் போடுவதென்று வேண்டுமானால் காட்டுகிறேன் என்று அதிகாரியைப் புல்லுக்குள் அழைத்துக்கொண்டு போனான். நிழல் விழாமல் வரச் சொல்லி அவரைக் கையைப் பிடித்துத் திருப்பியும் விட்டான்.

விமலன் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தார். அவள் கையமர்த்தினாள்.

"இருக்கட்டும்," என்றாள். "நாங்கன்னுதானே சொன்னான்."

தொலைவில் சுகுமாறன் வளையத்தை வீசினான். நன்றாகவே வீசினான்.